பின்சீட்டில் இருப்பவருக்கும் வாய் உண்டு

அமெரிக்கா போய் வந்த நம் வயதுக்காரர்களைக் கேட்டால் முதலில் ரோட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். "வெண்ணெய் மாதிரி ரோடு சார். ஒரு குலுக்கல் கிடையாது. காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் 600 மைல்." பயணக் கட்டுரை எழுதுகிறவர்களும் இதையேதான் எழுதுகிறார்கள். 600 மைல் என்பது சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், அங்கிருந்து மதுரைக்குத் திரும்புகிற தூரம். இதை ஒரே நாளில் போ என்று இங்கே யாராவது சொன்னால் அவரை ஒரு மாதிரி பார்ப்போம். அங்கே என்றால் மட்டும் பெருமையாகத் தலையாட்டுகிறோம்.

மூன்று முறை போய், பிள்ளைகளின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து பல ஆயிரம் மைல் சுற்றியவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன். இப்படி எழுதுவதும் பேசுவதும் கெடுதல். அந்த வெண்ணெய் ரோட்டில்தான் வருஷத்துக்குச் சுமார் 40 ஆயிரம் பேர் சாகிறார்கள்.

ரோடு நன்றாக இருப்பதிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. நம் ஊரில் வேகத்தடை, எருமை, எதிரே வரும் டவுன் பஸ், ஓயாத ஹாரன் எல்லாம் சேர்ந்து டிரைவரைத் தூங்க விடுவதில்லை. நெவாடா பாலைவனத்தில் கோடு போட்டது போல் ரோடு போகிறது. காலுக்கு வேலை இல்லாதபடி க்ரூஸ் கன்ட்ரோல் வேறு. கண் தானாகச் சொருகும். நெடுஞ்சாலை ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி வைத்திருப்பார்கள். சக்கரம் அதன்மேல் ஏறினால் கடகடவென்று கார் அதிரும். தூக்கத்திலும் கவனக்குறைவிலும் விலகிப் போகிறவர்களை உசுப்பத்தான் அந்த ஏற்பாடு. வண்டி ஓட்டுகிறவன் தூங்கிப் போவான் என்று அந்த அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. நம் பயணக் கட்டுரைக்காரர்களுக்குத்தான் தெரியவில்லை.

பெற்றோர் வந்தவுடன் பிள்ளைகள் போடுகிற திட்டத்தைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவர்கள் வழக்கமாகப் போடுவது இது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து கிளம்பி ராத்திரி லாஸ் வேகஸ், 270 மைல். சனிக்கிழமை கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு வரை 280 மைல், அன்றே திரும்ப இன்னொரு 280. ஞாயிறு வீடு. சனிக்கிழமை ஒன்பது மணி நேரம் காரில், இரண்டு மணி நேரம் பள்ளத்தாக்கில். இதற்குப் பெயர் சுற்றுலாவா?

வெள்ளி இரவைக் கணக்குப் போடுவோம். பையன் காலை ஆறு மணிக்கு எழுந்தவன். நாள் முழுக்க வேலை. மாலை ஆறுக்குக் கிளம்பி, வார இறுதி நெரிசலில் ஊர்ந்து, வேகஸ் சேர இரவு பதினொன்று தாண்டும். பதினேழு மணி நேரம் விழித்திருக்கிறான். அந்த அளவு விழித்தவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் வரம்பு 0.03. குடித்துவிட்டு ஓட்டுகிறவன் காரில் ஏறுவோமா? தூங்காமல் ஓட்டுகிறவன் காரில் மட்டும் சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்காருகிறோம்.

"அவன் பத்து வருஷமாக அங்கே ஓட்டுகிறான், அவனுக்குத் தெரியாதா?" என்பார்கள். ஓட்டத் தெரியும், சரிதான். தூக்கம் லைசென்ஸைப் பார்த்து வருவதில்லை. "நமக்காக லீவு போட்டுக் கூட்டிப் போகிறான், குறை சொல்லலாமா?" என்பதுதான் இன்னும் மோசமான பேச்சு. இந்தக் கூச்சம் நம் உயிரோடும் பேரக்குழந்தைகள் உயிரோடும் விளையாடுகிறது.

இந்தக் கூச்சத்தால் நாம் செய்கிற இன்னொரு காரியத்தையும் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். வழியில் நிறுத்தச் சொல்லக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர் போக வைக்கும் பிரஷர் மாத்திரையை அன்றைக்கு மட்டும் விழுங்காமல் விடுகிறோம். பெண்கள்தான் இதில் அதிகம். மணிக்கணக்கில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். தண்ணீரும் குடிக்காவிட்டால் உடம்பு இன்னும் கெடும். மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமானால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக்கொண்டு போங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆகவே, கார் கிளம்பும் முன் வாயைத் திறந்து கேளுங்கள். ஒரு நாளைக்கு 300 மைல் போதும். வெள்ளி ராத்திரி வேண்டாம், தூங்கி எழுந்து சனிக்கிழமை காலையில் போகலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் ரெஸ்ட் ஏரியா என்று இருக்கும். கழிப்பறைக்குக் காசு கிடையாது. பத்து நிமிஷம் நடந்துவிட்டு ஏறுங்கள். எல்லா இடத்திலும் பெட்ரோல் பங்க் இருக்கும் என்று நம்ப வேண்டாம். யூட்டாவில் 70ஆம் எண் நெடுஞ்சாலையில் 100 மைலுக்கு மேல் பங்க்கும் இல்லை, கடையும் இல்லை. அடுத்த நிறுத்தம் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள்; புடவை கசங்கினால் கசங்கட்டும். முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது, பேச்சுக் கொடுக்க வேண்டும். மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில் இருக்கட்டும். கோடையில் நிறுத்திய கார் அடுப்பு மாதிரி; அதில் வைத்த இன்சுலின் வீண். போலீஸ் நிறுத்தினால் நம் ஊர் வழக்கப்படி கதவைத் திறந்து இறங்கிப் பேசப் போகாதீர்கள். கை தெரியும்படி உள்ளேயே உட்காருங்கள், ஓட்டுகிறவர் பேசட்டும். ரோட்டோரம் சின்னப் பச்சைப் பலகையில் மைல் எண் இருக்கும். 911ஐக் கூப்பிட நேர்ந்தால் ரோடு எண்ணையும் அந்த மைல் எண்ணையும் சொன்னால் போதும், இடம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதெல்லாம் கேட்டால் நாலு இடம் பார்க்க வேண்டியதில் இரண்டுதான் பார்க்க முடியும். பார்க்காவிட்டால் என்ன? கிராண்ட் கேன்யன் அடுத்த முறையும் அங்கேயேதான் இருக்கும். பிள்ளைகளுக்கு நம்மைக் கூட்டிப் போகத் தெரியும். களைப்பாக இருக்கிறது என்று நம்மிடம் சொல்லத் தெரியாது. பெற்றவர்கள் நாம்தான் சொல்ல வேண்டும்: "எனக்கு முடியவில்லை, நிறுத்துப்பா." நமக்கு முடிந்தாலும் அப்படியே சொல்லுங்கள். அவனும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.