காயித் எங்கே?

'காயித்' என்னும் அரபுச் சொல்லை நம் சமுதாயம் நன்கறியும். 'காயிதே மில்லத்' என்று ஒரு பெருந்தலைவரை வாயார அழைத்துப் பழகிய நாவு நம்முடையது. ஆயின் அச்சொல்லின் வேர்ப்பொருளை எண்ணிப் பார்த்தோமா? பின்னிருந்து ஓட்டிச் செல்பவர் 'ஸாயிக்'. முன்னே நின்று கையையோ கயிற்றையோ பற்றி அழைத்துச் செல்பவர் 'காயித்'. உமைய்யாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705–715), நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் பார்வையற்றோருக்குக் காயிதையும் அமர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதி வைத்துள்ளார். தலைவருக்கு நாம் சூட்டும் பட்டம், கண்ணிழந்தவரின் கைபற்றி நடந்த ஊழியரின் பெயருமாகும்! மேடைக்குரிய காயித்கள் நம்மிடையே நிறைய உண்டு. கைபிடித்து அழைத்துச் செல்லும் காயித் எந்த மஹல்லாவில் இருக்கிறார்?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் நம் வீட்டுப் பிள்ளைகளும் உளர். 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர்க்கு அரசு வேலையில் 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. பிள்ளை வீட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வழியைக் காட்டத்தான் ஆளில்லை.

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மூளை முடக்குவாதமும் அறிவு வளர்ச்சிக் குறைவும் உள்ள மகனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். மகனுக்கு 18 வயது நிறைந்ததும், அவன் பெயரால் கையெழுத்திடும் உரிமை தனக்கில்லை என்று அறிந்து திகைக்கிறாள். 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் குழுவிடம் விண்ணப்பித்தால் சட்டப்பூர்வக் காப்பாளராக நியமனம் பெறலாம். அவளிடம் இதைச் சொன்னவர் யார்? தானே எழுத்தில் சொல்ல இயலாதவருக்காக நீதியுடன் பேச வேண்டிய 'வலீ'யைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பேசுகிறது. அவ்வசனத்தை ஓதுகிறோம், ஓதியதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

"ரமளானில் வீடு தேடிச் சென்று கொடுக்கிறோமே!" என்பார்கள். கொடுக்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் அரிசிப் பை மருத்துவச் சான்றிதழ் வாங்கித் தருமா? "இறைவன் விதித்தது, ஸப்ரு செய்யட்டும்" என்பார்கள். நமக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். அடுத்த வீட்டுத் தாய்க்கு மட்டும் ஸப்ரை உபதேசிக்கிறோம். இது ஸப்ரன்று, நம் சோம்பலுக்கு நாம் இட்ட மார்க்கப் பெயர்.

பிறரை மட்டும் குறை கூறவில்லை. காது கேளாத பிள்ளையை, சொல் திருந்தாத பிள்ளையை, "இவனுக்கு ஓதல் ஏறாது" என்று திருப்பி அனுப்பிய உஸ்தாதுகளுள் நானும் ஒருவன். இரக்கமிருந்தது, பயிற்சியில்லை. நல்ல மனம் மட்டும் இருந்து, செய்யும் முறை தெரியாதவரால் தீங்கும் விளையும் என்பதை அன்று அறிந்தேனில்லை.

ஆகவே பயிற்சி வேண்டும் என்கிறேன். 2021 மே மாதத்தில், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலும் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் இணைந்து வகுத்த 6 மாதப் பயிற்சியொன்று நம் நாட்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஊரிலேயே இருந்து மாற்றுத்திறனாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் துணை நிற்கும் ஊழியரை உருவாக்குவதே அதன் நோக்கம். இத்தகைய பயிற்சிக்கு ஒவ்வொரு ஜமாஅத்தும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்பினால் என்ன? பெண் அவசியம், வீட்டுக்குள் நுழைந்து தாயின் சுமையைக் கேட்டறிய அவளால்தான் இயலும். சான்றிதழுக்கு எங்கே செல்வது, விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, எந்தப் பள்ளி ஏற்கும், தாய் தளர்ந்தால் யாரை அழைப்பது என்பனவெல்லாம் கற்றறிந்த ஒருவர் ஊரிலிருந்தால் எத்தனை வீடுகள் தலைநிமிரும்! இரண்டாவது மினாராவுக்குத் திரளும் பணத்தில் சிறு பகுதி போதும்.

அப்பயிற்சியின் முதற்பாடம் அபஸ அத்தியாயத்திலேயே இருக்கிறது. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பிச்சை கேட்டு வரவில்லை. அறிவைக் கேட்டு வந்தார். அவர் பொருட்டு இறைவன் தன் தூதருக்கே அறிவுறுத்தினான். பின்னர்ப் பெருமானார் (ஸல்) அவர்கள் அவரைப் பாங்கு சொல்ல வைத்தார்கள். வெளியூர் செல்கையில் மதீனாவையே அவர் பொறுப்பில் விட்டுச் சென்றார்கள். எனவே கைபிடிப்பவர், "எங்கே போக வேண்டும்?" என்று அவரையே முதலில் கேட்கட்டும். கேளாமல் இழுத்துச் செல்பவர் காயிதல்லர்.

முத்தவல்லிகளே, வரும் ஜும்ஆவுக்குள் உங்கள் மஹல்லாவில் இத்தகைய வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். விடை தெரியவில்லையெனில், வேலை அங்கிருந்தே தொடங்கட்டும். அல்லாஹ் நமக்கு அந்தத் தவ்ஃபீக்கை நல்குவானாக. ஆமீன்.