அப்பா ஏன் எஃப்டியை விட்டு நகரவே மாட்டேங்கிறார்? பதிலைப் புத்தகமா அச்சடிச்சோம்

இந்த வாரம் ஃபண்டு ஒப்பீடு, வரி சேமிப்பு எதுவும் இல்லை. நான் செஞ்ச 9,600 ரூபாய் செலவு ஒண்ணைப் பத்திப் பேசப்போறேன். இதுக்கு ரிட்டர்ன் கிடையாது, வரிக் கழிவும் கிடையாது. ஆனாலும் நீங்களும் இதைச் செய்யணும், தள்ளிப்போடாம செய்யணும்னு சொல்றேன்.

சேனல் பார்க்கிறவங்களுக்கு எங்க அப்பாவைத் தெரியும். "எஃப்டி அப்பா"ன்னு நானே பல வீடியோல கிண்டல் பண்ணியிருக்கேன். ரிட்டயர்மென்ட் பணம் முழுக்க வங்கி டெபாசிட்லயும் போஸ்ட் ஆபீஸ்லயும்தான். பணவீக்கம், வரி போக மிஞ்சுறது எவ்வளவுன்னு சார்ட் போட்டுக் காட்டினா, "சரிப்பா, பார்க்கலாம்"னு எழுந்து போயிடுவார். இன்னொரு பிடிவாதமும் உண்டு. யாருக்கும் ஜாமீன் கையெழுத்து போடமாட்டார். என் தங்கச்சி வீட்டுக்காரர் தொழில் கடனுக்குக் கேட்டப்பகூட முடியாதுன்னுட்டார். அதுல ரெண்டு வருஷம் வீட்ல சரியான பேச்சே இல்லை.

கணக்கு இருந்தது, காரணம் இல்லை

கோவில்பட்டில எங்க தாத்தாவுக்கு மளிகைக் கடை. அவர் போனதுக்கு அப்புறம் பழைய வீட்டைக் காலி பண்ணும்போது மூணு பேரேடு கிடைச்சுது. பற்று, வரவு, பேர், தேதி எல்லாம் சுத்தமா இருக்கு. நான் சிஏ, கூட்டிப் பார்த்தேன், கணக்கு டேலி ஆகுது. ஆனா சில பேருக்கு நேரா "தள்ளுபடி"ன்னு எழுதி கோடு போட்டிருக்கார். அந்தக் காலத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஏன் விட்டார்? அவங்கல்லாம் யார்? கேட்க ஆளே இல்லை.

அப்பா விஷயத்துலயும் இதே நடந்துடக்கூடாதுன்னுதான் ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம், போன்ல ரெக்கார்டர், பக்கத்துல அம்மா. மொத்தம் 14 வாரம். முதல் ஆறு வாரம் ஸ்கூல், முதல் வேலை, கல்யாணம்னு போச்சு. ஏழாவது வாரம் 1997 வந்தது.

அப்பா தன் நண்பரோட கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கார். நண்பர் கட்டலை, ஊரை விட்டுப் போயிட்டார். வங்கி அப்பாகிட்ட வந்தது. கடைக்குப் பின்னாடி இருந்த மனையைத் தாத்தா வித்தார், அம்மா நகை போச்சு, நாங்க வாடகை வீட்டுக்கு மாறினோம். அப்ப எனக்கு எட்டு வயசு. "ஆபீஸ் பக்கமா இருக்கும்"னு சொல்லித்தான் மாத்தினாங்க. இத்தனை வருஷமா அதையே நம்பிட்டிருந்தேன்.

வேற ஏற்பாடு எழுதிக்கலைன்னா, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு. பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேன். அது எங்க வீட்லயே நடந்திருக்குன்னு தெரியாமத்தான் பண்ணினேன்.

இப்பவும் முழுப் பணமும் எஃப்டில இருக்கக்கூடாதுங்கிறதுதான் என் கருத்து. ஆனா அப்பாவுக்கு விவரம் தெரியலைன்னு நினைச்சது என் தப்பு. சார்ட் போடறதை நிறுத்திட்டேன்.

"எல்லாம் டிரைவ்ல இருக்கே, அச்சு எதுக்கு?"

ஆபீஸ்ல எல்லாரும் கேட்ட கேள்வி இது. ரெண்டு வருஷம் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை, உள்ள இருக்கிற எல்லாத்தோட சேர்த்து, கூகுள் நீக்கலாம்னு 2023-லயே கொள்கை மாத்திட்டாங்க. அதுக்கான இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜரை நம்மள்ல எத்தனை பேர் செட் பண்ணியிருக்கோம்? பாஸ்வேர்டு நம்ம தலைக்குள்ள இருக்கு. நமக்கு அப்புறம்?

ஆனந்தரங்கப் பிள்ளையை யோசிங்க. பாண்டிச்சேரில டூப்ளேயோட துபாஷ், வியாபாரி. 1736-லிருந்து 1761 வரைக்கும் கப்பல் வந்தது, சரக்கு விலை, வீட்டு விசேஷம்னு தமிழ்ல எழுதி வெச்சார். அச்சுக்காக எழுதினது இல்லை, அவரோட சொந்தக் குறிப்பு. 1846-ல அது கண்டெடுக்கப்பட்டது. இன்னிக்கு தென்னிந்திய வரலாறு எழுதுறவங்க அதைத் தாண்டிப் போக முடியாது. நம்ம வீட்டுக் கதை வரலாறு ஆகணும்னு நான் சொல்லலை. காகிதத்துல இருந்தா, யார் வேணும்னாலும் பாஸ்வேர்டு இல்லாம எடுத்துப் படிக்கலாம். 40 காப்பி 40 வீட்ல இருந்தா, ஒண்ணாவது தப்பிக்கும்.

தோல்வியையும் போடணுமா?

எங்க வீட்ல பெரிய சண்டையே இதுக்குத்தான். "நாலு பேர் கைக்குப் போற புத்தகத்துல இதெல்லாம் எதுக்குடா?"ன்னு அத்தை கேட்டாங்க. கேள்வி நியாயமானதுதான். அந்த நண்பரோட பிள்ளைங்க இன்னும் அதே ஊர்லதான் இருக்காங்க. அதனால அவர் பேரே இல்லாம, 1997 அத்தியாயத்தை அப்பாவே ரெண்டு பக்கத்துல எழுதினார். உயிரோட இருக்கிற ஒவ்வொருத்தரும் தங்களைப் பத்தின பக்கத்தை அச்சுக்கு முன்னாடி படிச்சாங்க. அத்தை ஒரு பத்தியை எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன்.

ஆனா மொத்தத் தோல்வியையும் எடுத்துட்டா, மிஞ்சுறது கல்யாண ஆல்பம்தான். வீடு கட்டின கதை எல்லாருக்கும் தெரியும். வீடு போன கதைலதான் அடுத்த தலைமுறைக்கு வேண்டிய பாடம் இருக்கு.

செலவும் சில எச்சரிக்கைகளும்

எங்களுக்கு 144 பக்கம், 40 காப்பி, ஒரு காப்பி 240 ரூபாய். டைப் அடிச்சது நான், பிழை திருத்தினது அம்மா.

• குறைஞ்ச காப்பிக்கு டிஜிட்டல் அச்சு போதும். ஆஃப்செட்ல பிளேட் செலவு இருக்கு, நூத்துக்கணக்குல அடிச்சாத்தான் கட்டுப்படியாகும்.

• பக்கங்களைத் தைச்சு பைண்டிங் பண்ணச் சொல்லுங்க. வெறும் பசைல ஒட்டினா நாளாக ஆகப் பக்கம் கழண்டு வரும்.

• "ஐஎஸ்பிஎன், ஆன்லைன் விற்பனை, ராயல்டி எல்லாம் சேர்த்து"ன்னு பெரிய தொகைக்கு பேக்கேஜ் விற்பாங்க. சொந்தக்காரங்களுக்கு மட்டும் கொடுக்கிற புத்தகத்துக்கு அது எதுவும் வேண்டாம். இந்தியால ஐஎஸ்பிஎன்-ஐ ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாவே கொடுக்குது.

• வங்கிக் கணக்கு எண், ஆதார், பாஸ்வேர்டு எதையும் புத்தகத்துல போடாதீங்க. அதுக்குத் தனி ஃபைல் வெச்சுக்கோங்க.

• இது உயில் கிடையாது. "வீடு சின்னவனுக்கு"ன்னு புத்தகத்துல அச்சடிச்சா மட்டும் அவனுக்கு வந்துடாது. எழுதினவர் கையெழுத்து போட்டு, குறைஞ்சது ரெண்டு சாட்சி கையெழுத்தும் இருந்தாத்தான் உயில். அதைத் தனியா எழுதுங்க.

இது வெட்டிச் செலவுன்னு சிலருக்குத் தோணலாம். எமர்ஜென்சி ஃபண்டு இல்லாதவங்க, கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறவங்க அச்சுச் செலவைத் தள்ளிப் போடுங்க, தப்பில்லை. ரெக்கார்டிங்கைத் தள்ளிப் போடாதீங்க, அதுக்குக் காசு வேண்டாம். அச்சகம் அடுத்த வருஷமும் இருக்கும்.

புத்தகம் வந்த மறுவாரம் தங்கச்சி வீட்டுக்காரர் அப்பாவுக்குப் போன் பண்ணினார். பத்து நிமிஷம் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு அப்பா சொல்லலை, நானும் கேட்கலை. இந்தப் பொங்கலுக்கு ரெண்டு பேரும் வந்திருந்தாங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ரெக்கார்டரை ஆன் பண்ணி, அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "உங்க முதல் சம்பளம் எவ்வளவு? அதை என்ன பண்ணினீங்க?" மத்ததெல்லாம் அங்கிருந்தே வரும். என்ன பதில் வந்ததுன்னு கமென்ட்ல எழுதுங்க, படிக்கிறேன்.