கோச் மாறினால் டீம் மாறுமா? சென்னையின் எஃப்சி காட்டும் கணக்கு

ஒவ்வொரு ஐஎஸ்எல் சீசன் முடிந்ததும் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். 'அந்த கோச் நம்ம டீமுக்கு வர்றாராமே', 'இவரை அவங்க தூக்கிட்டாங்களாமே'. ஆனால், கோச் மாறினால் டீமின் தலையெழுத்தும் மாறிவிடுமா? சென்னையின் எஃப்சியின் அனுபவத்தை வைத்தே பார்க்கலாம்.

ரசிகர்களின் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

2019-ம் ஆண்டு டிசம்பரில் இருந்து. அந்த சீசனின் முதல் 6 ஆட்டங்களில் சென்னை ஒன்றில்தான் ஜெயித்தது. 2018-ல் கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரெகரி விலக, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் கோய்ல் வந்தார். அடிமட்டத்தில் கிடந்த அதே அணி 4-வது இடம் பிடித்து, இறுதிப் போட்டி வரை போனது. அங்கே ஏடிகேவிடம் 1-3 எனத் தோற்றது. 'கோச் மாறினா எல்லாம் மாறும்' என்ற நம்பிக்கைக்கு இது போதாதா?

அவர் போன பிறகு என்ன ஆச்சு?

2020-ல் கோய்ல் ஜாம்ஷெட்பூர் எஃப்சிக்குப் போனார். 15 கோல் அடித்திருந்த வால்ஸ்கிஸும் அதே அணிக்குப் போனார். 2021-22-ல் ஜாம்ஷெட்பூர் லீக் ஷீல்டை வென்றது.

சென்னையிலோ அடுத்த 3 சீசன்களில் 3 கோச்கள்: லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச். மூன்று முறையும் கிடைத்தது 8-வது இடம்தான்.

அதே கோச் திரும்பி வந்தாரே?

வந்தார். 2023-24-ல் அணி 6-வது இடம் பிடித்து பிளே ஆஃபுக்குள் நுழைந்தது. ஆனால், அடுத்த சீசனிலேயே 13 அணிகளில் 11-வது இடம். அதே கோச், அதே கிளப், ஆனால் ரிசல்ட் வேறு. 2025-ல் கோய்ல் விலக, கோவாவைச் சேர்ந்த க்ளிஃபோர்ட் மிராண்டா பொறுப்பேற்றார்.

அப்போ எதைக் கவனிக்கணும்?

தலைமை கோச்சை மட்டுமல்ல, கூட இருக்கும் குழுவையும். ஆரணி, தேசூர் பக்கம் பட்டு நெசவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான். ஆனால் நூல் சுற்றுபவர், பாவு போடுபவர், டிசைன் அட்டை அடிப்பவர் இல்லாமல் சேலை இறங்காது. கால்பந்திலும் உதவி கோச், கோல்கீப்பிங் கோச், ஃபிட்னெஸ் கோச், வீடியோ அனலிஸ்ட் என ஒரு பட்டாளமே உண்டு.

மிராண்டாவே உதவி கோச்சாக இருந்து மேலே வந்தவர்தான். ஒடிசா எஃப்சியில் இடைக்காலப் பொறுப்பு கிடைத்ததும், 2023-ல் சூப்பர் கோப்பையை வென்று காட்டினார்.

ஒருவர் நகர்ந்தால் எத்தனை நாற்காலி ஆடும்?

2025 ஆகஸ்ட்டில் இந்திய அணிக்கு காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். சாவியோ மெதெய்ராவுக்குப் பிறகு 13 ஆண்டுகளில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். அப்போது அவர் ஜாம்ஷெட்பூர் கோச். அங்கே காலியான இடத்துக்கு வந்தது உதவி கோச் ஸ்டீவன் டயஸ். தேசிய அணியில் நடந்த ஒரு மாற்றம் ஒரு கிளப்பையே மாற்றி அமைக்க வைத்தது.

ஆனால் அங்கேயும் உடனடி அதிசயம் நடக்கவில்லை. சிஏஎஃப்ஏ நேஷன்ஸ் கோப்பையில் இந்தியா 3-வது இடம் பிடித்தது உண்மை. அடுத்த மாதமே கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது.

அடுத்த வதந்தி வந்தால்?

மூன்று கேள்வி போதும். அவருக்கு இப்போதைய கிளப்புடன் ஒப்பந்தம் எதுவரை? கூட யார் வருகிறார்கள்? புது கிளப் எத்தனை சீசன் அவகாசம் தரும்? இதற்குப் பதில் இல்லாத ஃபார்வர்டுகளை நம்பி, புது ஜெர்சிக்கு ஆர்டர் போட வேண்டாம்!