பெற்ற பிள்ளைக்கு இல்லாத பாலிசி

என் வயிற்றில் பிறந்து, என் கையால் சாப்பிட்டு வளர்கிறவன் என் வீட்டில்தான் இருக்கிறான் என்பதே கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாதாம்! ‘அறிவிக்கப்படாத ஓட்டுநர்’ என்று கடுதாசி போட்டிருக்கிறார்கள். க்ளெய்ம் கிடையாதாம்.

நான் அறிவிக்கவில்லையா? லர்னர் பர்மிட் வாங்கியதுமே ஏஜென்டுக்குப் போன் போட்டேன். “லைசென்ஸ் வரட்டும் மேடம், அப்புறம் சேர்த்துக்கலாம்.” பையனுக்கு 16 முடிந்து லைசென்ஸும் வந்தது. மறுபடி போன். “நான் பாத்துக்கறேன், கவலையே படாதீங்க.” நம்மூர்க்காரர் வேறு, தமிழிலேயே சொன்னார். டீன் ஏஜ் பையனைச் சேர்த்தால் டெக்சஸில் பிரீமியம் எகிறும் என்பது தெரியாதா எனக்கு? இந்த வயசில் விபத்து அதிகம், அதனால் கூடுதலாகக் கேட்கிறார்கள்; நியாயம்தான். எவ்வளவானாலும் கட்டுகிறேன் என்றேனே!

கார் எதற்குக் கொடுத்தாய் என்று சொந்தபந்தங்கள் உபதேசம் செய்கிறார்கள். நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் டாலஸின் டார்ட் பஸ் கிடையாது ஐயா. விடிந்தும் விடியாததுமாக மார்ச்சிங் பேண்ட் பயிற்சிக்கு அவன் பறந்தா போவான்?

பள்ளி பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பிக்கப் டிரக்கின் கதவில் இடித்துவிட்டான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கம்பெனியிலிருந்து அட்ஜஸ்டர் கூப்பிட்டார், தேன் ஒழுகும் குரல். “உங்க மகன் எவ்வளவு நாளா உங்களோட இருக்கார்?” பிறந்ததிலிருந்து என்றேன். அந்தப் பதிலையே பதிவு செய்து எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள், படுபாவிகள்!

எதிர்வீட்டுக்காரர் என்றைக்கோ ஒருநாள் சாவி வாங்கிப் போய் இடித்திருந்தால் இதே பாலிசி பணம் கொடுத்திருக்கும். அனுமதியோடு ஓட்டியவராம். கூடவே வசிக்கிற பிள்ளை என்றால் கையை விரிக்கிறார்கள். அடுத்தவர் சொத்துச் சேதத்துக்குக் குறைந்தது 25,000 டாலர் கவரேஜ் வேண்டும் என்கிறது டெக்சஸ் சட்டம். அதற்காகத்தானே மாசாமாசம் அழுதேன்? இப்போது டிரக் பில் என் தலையில்.

ரென்யூவலும் வந்துவிட்டது. அதில் மட்டும் அவன் பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது!

ஏஜென்டைப் பிடித்தேன். “போன்ல சொன்னீங்களா? ஞாபகம் இல்லையே மேடம். மெயில் எதுவும் இருக்கா?”

மாநில இன்ஷூரன்ஸ் துறைக்குப் புகார் எழுதிவிட்டேன். போன் கம்பெனியின் அழைப்புப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். அவர் நம்பர், பேசிய நிமிடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவ்வளவு நேரம் என்னோடு என்னதான் பேசினாராம்? அதைச் சொல்லட்டும்.