காலி டின் காசும் கடையின் பெயரும்

எண்ணெய் தீர்ந்த 15 கிலோ டின்னை நாம் யாரும் வீசி எறிவதில்லை. ஒன்று, பழைய டின் வாங்க வருபவரிடம் கொடுத்துக் காசாக்குகிறோம். அல்லது மூடியை வெட்டிப் புளியோ உப்போ போட்டு வைக்கிறோம். வியாபாரியின் சிக்கனம் அது; குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த இரண்டு பழக்கங்களையும் நாம் விட்டுவிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே நமது கருத்து.

டின் என்று நாம் சொல்வது உண்மையில் இரும்புத் தகடுதான். அதன்மேல் இருப்பது வெள்ளீயப் பூச்சு. முற்காலத்தில் உருக்கிய ஈயத்தில் தகட்டை முக்கி எடுத்தார்கள். இன்று அந்த வேலையை மின்சாரம் செய்கிறது. வெள்ளீய உப்புக் கரைசலில் ஈயக் கட்டி நேர்மின்வாயாகவும், இரும்புத் தகடு எதிர்மின்வாயாகவும் நிற்கும். மின்சாரம் பாய்ந்ததும் ஈயம் கரைந்து வந்து தகட்டில் படியும். எவ்வளவு மின்சாரம் பாய்கிறதோ அதற்கேற்ற அளவே உலோகம் படியும் என்பதை 1830களில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். அதனால்தான் பூச்சின் கனத்தைத் தராசில் நிறுத்ததுபோல் ஆலையில் கட்டுப்படுத்த முடிகிறது. ஈயம் விலை உயர்ந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் மலேயா ஜப்பான் வசம் போய் ஈயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சிக்கனமான இந்த முறை வேகமாகப் பரவியது.

எவ்வளவு சிக்கனம் தெரியுமா? ஒரு சதுர மீட்டர் தகட்டில், ஒரு பக்கத்துக்கு 2.8 கிராம் ஈயம் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. கனத்தில் சொன்னால், ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒருமுறை எண்ணெய் நிரப்பி, ஏற்றி இறக்கி, விற்றுத் தீர்க்க இது போதும். திரும்பத் திரும்பப் புழங்குவதற்காகப் போட்ட பூச்சு அல்ல இது.

பூச்சில் கீறல் விழுந்தால் என்ன ஆகும்? துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியில் கீறல் விழுந்தால், துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். ஈயம் அப்படியல்ல. ஈரக் காற்று படும் இடத்தில் கீறல் விழுந்தால், ஈயமும் இரும்பும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம்போல் வேலை செய்யும். அதில் கரைவது இரும்பு. கீறிய இடத்தில் துரு வேகமாகப் பிடிப்பதன் காரணம் இதுதான். எண்ணெயில் கலக்கும் இரும்பு மிகச் சிறிதளவே ஆனாலும் அது சிக்கல் பிடிப்பதை விரைவுபடுத்தும். நல்ல எண்ணெயை வாங்கி விற்றும் நமக்குக் கெட்ட பெயர் வரும்.

"கழுவிக் காயவைத்து நிரப்பினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. சூடான காஸ்டிக் சோடாக் கரைசல் ஈயத்தையே கரைக்கும். கழிவுத் தகட்டிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் அந்தக் கரைசலைத்தான் பயன்படுத்துகின்றன. அழுக்குப் போகத் தேய்க்கத் தேய்க்கப் பூச்சும் போகும். ஓட்டையை அடைக்க வைக்கும் பற்றில் காரீயம் கலந்திருந்தால், அது உடலுக்கு நஞ்சு. புளியும் உப்பும் போட்டு வைக்கும் டின்னுக்கும் இதே கதிதான். புளிப்பும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அரிப்புக்கு வேறு துணை வேண்டியதில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. ஒருமுறை பயன்படுத்திய டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைக்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல ஒழுங்குமுறைகள் தடை விதித்துள்ளன. பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கி விற்றாலும், தயாரித்தவர் யார் என்று காட்ட முடியாத பொருளை விற்றாலும், விற்றவரே பொறுப்பு என்கிறது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். டின்னை நிரப்பியவர் எங்கோ இருப்பார். அதிகாரி வந்து நிற்பது நம் கல்லாவுக்கு முன்னால்தான்.

காலி டின்னில் வரும் காசு சிறு கடைக்காரருக்குச் சிறு தொகை அல்ல என்பதை நாம் அறிவோம். அதை இழக்கச் சொல்லவில்லை. வழியை மாற்றச் சொல்கிறோம். டின்னில் ஓட்டை போட்டு, நசுக்கி, பழைய இரும்பாக விற்போம். மறுபடி நிரப்புகிறவர் கைக்கு அது போகாது. இரும்பு உலைக்குப் போகும். விலை சற்றுக் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட, சங்கத்தின் மூலம் பகுதிவாரியாகச் சேர்த்து மொத்தமாக விற்க ஏற்பாடு செய்யலாம். புளிக்கும் உப்புக்கும் பீங்கான் ஜாடியோ, உணவுப் பொருளுக்கு உகந்த பிளாஸ்டிக் டிரம்மோ போதும்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். ஒடுக்கு விழுந்த டின், மூடியில் புதுப் பற்று வைத்த டின், பழைய லேபிளைச் சுரண்டி மேலே புதியதை ஒட்டிய டின் ஆகியவற்றைத் திருப்பி அனுப்புவோம். பில் இல்லாத சரக்கை இறக்க வேண்டாம். விலை குறைவு என்று மொத்த வியாபாரி நீட்டினாலும் மறுப்போம். மொத்த வியாபாரிகளும் நம் சங்கத்தவர்தானே? அவர்கள் முன்வந்து நிறுத்தினால் சில்லறைக் கடைக்காரருக்குப் பாதி பாரம் குறையும்.

டின்னின் பூச்சு ஒருமுறைக்குத்தான் தாங்கும். வாடிக்கையாளர் நம்மிடம் வைத்திருக்கும் நம்பிக்கை தலைமுறைக்கும் தாங்க வேண்டும்.