ஆண் பச்சோந்தியா, பெண் பச்சோந்தியா?

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது, கீழ்வீட்டு தாதா மறித்தார். மகள் மாத்யமிக் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். பரிசாக என்ன கேட்டாளாம் தெரியுமா? பச்சோந்தி!

"உங்க ஊர்ல இது நிறைய இருக்குமே. நீங்களே சொல்லுங்க, ஆண் வாங்கலாமா, பெண் வாங்கலாமா?"

மதராஸி என்றால் இட்லி, ரஜினி. இப்போது அந்த லிஸ்டில் பச்சோந்தியும் சேர்ந்துவிட்டது :) சிரித்துவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால் கால் நகரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவருக்கு ஏற்கனவே ஒரு ஆலோசகர் இருக்கிறார். காலிஃப் தெருவுக்கு (பாக்பஜார் பக்கம் ஞாயிறுதோறும் கூடும் பிராணிகள் சந்தை, கிளி, மீன், நாய்க்குட்டி என்று ஜேஜே என்றிருக்கும்) அடிக்கடி போய்வரும் ஆபீஸ் நண்பர். அவர் சொன்னது: "ஆணை எடு. கலர் ஜோரா இருக்கும், தொந்தரவு கிடையாது. பெண்ணுன்னா முட்டைத் தொல்லை. ஆனா விலை கம்மி."

இதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்குக் கோபமே.

முதலில் முட்டை. வளர்ப்புக்காக உலகம் முழுவதும் அதிகம் விற்பது ஏமன், சவுதிப் பக்கத்து வெய்ல்டு கெமிலியன். அதில் பெண், ஆணின் முகத்தையே பார்க்காவிட்டாலும் முட்டை போடும். நம்ம வீட்டுக் கோழி மாதிரிதான். ஆனால் ஒன்றிரண்டு இல்லை, ஒரே ஈட்டில் இருபது, முப்பது, சில சமயம் அதற்கும் மேலே. தோண்டுவதற்கு ஈரமான ஆழமான மண் வேண்டும். கால்சியம் வேண்டும், புற ஊதா விளக்கு வேண்டும். தோண்ட இடம் சரியில்லை என்றால் முட்டையை வயிற்றுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு செத்துப்போகும்.

அடுத்தது கலர். பச்சோந்தி நிறம் மாறுவது நம் கண்ணுக்கு விருந்து வைக்க இல்லை. பேந்தர் கெமிலியனின் தோலில் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். அந்த ஆண் பளபளவென்று ஜொலிப்பது எப்போது? இன்னொரு ஆணைப் பார்த்து முறைக்கும்போது, அல்லது பெண்ணை மயக்கப் பார்க்கும்போது. கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்துகூட சண்டைக்கு நிற்கும். நாம் "ஆஹா, என்ன கலர்!" என்று செல்போனில் படம் எடுப்பது பல சமயம் அதன் டென்ஷனை.

இப்போது என் கதை. சில வருஷம் முன்னால் டெக்சாஸில் ப்ராஜெக்ட். என் அறை நண்பன் ஒரு வெய்ல்டு பெண்ணை வாங்கி வந்தான். ஏன் பெண்? விலை கம்மி. அவ்வளவுதான் காரணம். ஏழெட்டு மாசம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வாரம் கூண்டின் அடியிலேயே அலைந்தது. மூலையைக் கால்களால் பிறாண்டிக்கொண்டே இருந்தது. "பாரேன், விளையாடுது" என்று நான்தான் சொன்னேன். நானேதான். அது மண் தேடியிருக்கிறது. டாக்டரிடம் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. அந்தப் பிறாண்டல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆக, "ஆணை எடு, பிரச்சினை தீர்ந்தது" என்கிறவர்களிடம் என் கேள்வி ஒன்றுதான். பொரிக்கிற குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி பெண். வெய்ல்டு வகையில் ஆணுக்குப் பின்காலில் பிறவியிலேயே ஒரு சின்ன முள் உண்டு. அதனால் பொரித்த உடனேயே தரம் பிரித்துவிடலாம். விவரம் தெரிந்தவன் எல்லாம் ஆணை எடுத்துக்கொண்டால் மிச்சம் பாதி யார் கையில் போகும்? விலை குறைத்து, விவரம் தெரியாதவன் கையில். வளர்க்க ரொம்பக் கஷ்டமானது எதுவோ, அது ரொம்பத் தெரியாதவனுக்கு மலிவாகப் போகிறது. என் நண்பன் மாதிரி. என்னை மாதிரி.

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும், நான் ஒண்ணுதானே வாங்கறேன்" என்பீர்கள். நீங்கள் ஆணுக்குக் கொடுக்கிற காசில்தான் அடுத்த ஈடு பொரிகிறது சார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். "உங்க ஊர்ல நிறைய இருக்குமே" என்றாரே, அந்த இந்தியப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. ஆணோ பெண்ணோ, பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டு வகைகள் சைட்டிஸ் பட்டியலில் இருப்பவை. 2022 சட்டத்திருத்தமும் 2024 விதிகளும் வந்தபிறகு வைத்திருப்பதைப் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாகவேண்டும். குஞ்சு பொரித்தால் அதையும் சொல்லவேண்டும். பேப்பர் இல்லாமல் மலிவாக ஒன்று கைக்கு வந்தால், அது எந்த வேலியிலிருந்து பிடித்ததோ என்று யோசியுங்கள்.

சின்ன வயசில் ஓணான் கழுத்தில் புல் சுருக்குப் போட்டு இழுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். ஜீவகாருண்யம் பேச எனக்குப் பெரிய தகுதி இல்லை. ஆனாலும் தாதாவிடம் சொல்லிவிட்டேன்: "ஆணும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். முட்டை போடும்போது என்ன செய்வேன் என்று சொல்லத் தெரியாதவருக்கு ஆண் வாங்கவும் தகுதி இல்லை."

தாதா முகம் சுருங்கிவிட்டது. பௌதி மட்டும் உள்ளேயிருந்து, "நானும் இதைத்தான் சொல்றேன், யார் கேட்கறா" என்றார். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று மாடிப்படியில் நிறுத்தி, "அங்கிள், அந்த டெக்சாஸ் பச்சோந்திக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள்.

பேரே வைக்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

டிஸ்கி: வங்காளத்தில் பச்சோந்திக்கு 'பொஹுரூபி' என்று பெயர். வேஷம் கட்டி ஊர் ஊராகப் போகும் கலைஞர்களுக்கும் அதே பெயர்தான். நம்மூரில் அது கட்சி மாறுகிறவர்களைத் திட்டும் வார்த்தை. அவர்களில் ஆண் பெண் எது தேவலை என்று யாரும் கேட்காதீர்கள், ப்ளீஸ்!