அவையிலே ஒரு மணியோசை

சென்ற திங்கள், பேரப்பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி, யாழ்ப்பாணத்துத் திரையரங்கொன்றிற்குச் சென்றிருந்தேன். படம் குறை சொல்லத்தக்கதன்று. கடல் கடந்து சென்ற மகன் பல்லாண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, மரணப் படுக்கையிலே கிடக்கும் தாயின் அருகில் நிற்கிறான். தாய்க்குப் பேச்சில்லை; மகனுக்கும் பேச வாய் எழவில்லை. பின்னணி இசையும் ஓய்ந்துவிட்டது. அரங்கு முழுவதும் மூச்சடங்கி இருந்த அந்தக் கணத்திலே, எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு குத்துப்பாட்டு எழுந்தது. கைத்தொலைபேசி!

அதற்குரியவர் பதற்றமடையவில்லை. ஆறுதலாக எடுத்துக் காதிலே வைத்து, "ஓம், ஓம், தியேட்டரிலைதான் நிக்கிறன். இல்லை, இல்லை, ஒரு கரைச்சலும் இல்லை, சொல்லுங்கோ... பாரை வேண்டாம், விளைமீன் கிடைச்சால் வாங்குங்கோ" என்றார். அரங்கம் கொல்லென்று சிரித்தது. உண்மையைச் சொல்வதானால் நானும் சிரித்தேன். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது திரையிலே தாய் இறந்துவிட்டிருந்தாள். அவள் கண் மூடியதை எங்களில் எவரும் காணவில்லை.

வீடு திரும்பிய பின்னரும் அந்த மனிதரின் ஒரு சொல் என் செவியை விட்டு அகலவில்லை. "ஒரு கரைச்சலும் இல்லை" என்றாரே, யாருக்குக் கரைச்சல் இல்லை? அவருக்கு இல்லை, மீன் வாங்குபவருக்கும் இல்லை. சுற்றியிருந்த நாங்கள் அந்தக் கணக்கிலே சேரவில்லை. அவர் எங்களை அவமதித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவமதிப்பதற்கு முதலில் நாங்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முன்னாளில் திரையரங்குகள் மௌன மடங்களாக இருந்தன என்று நான் சாதிக்க வரவில்லை. சிறுவனாகக் கலரியிலே அமர்ந்து படம் பார்த்தவன் நான். கதாநாயகன் தோன்றியதும் சீழ்க்கை வானைப் பிளக்கும். கச்சான் கோதுகள் காலடியில் நொறுங்கும். சோடாப் போத்தல்கள் உருளும். கைக்குழந்தைகள் வீரிட்டு அழும். படச்சுருள் அறுந்துவிட்டாலோ, படம் ஓட்டுபவரின் மூன்று தலைமுறைகளும் விசாரிக்கப்படும். ஆயினும் அந்தக் கூச்சல் முழுவதும் படத்தைப் பற்றிய கூச்சல். வில்லனை ஏசியவனும், கதாநாயகிக்காக மூக்கைச் சிந்திய கிழவியும் ஒரே கதையினுள்ளேதான் இருந்தார்கள். அஃது அவையின் ஓசை.

கைத்தொலைபேசியின் ஓசை அத்தகையதன்று. அது மெல்லியதாகவே இருக்கலாம். ஒலியே இல்லாது வெறும் வெளிச்சமாகவும் இருக்கலாம். இருண்ட அரங்கிலே ஒருவர் திரையை ஒளிரவிட்டுச் செய்தி வாசிக்கும்போது பின்வரிசைக் கண்கள் அனைத்தும் அந்தச் சிறு ஒளியை நோக்கியே ஓடுகின்றன. அவர் நம்மிடையே அமர்ந்திருக்கிறார். ஆனால் நம்மோடு இல்லை. அவையில் இருந்துகொண்டே அவையை விட்டுப் போய்விட்டார். போகும்போது நம்மையும் ஓரடி இழுத்துக்கொண்டு போகிறார். நம்முடைய குறை சத்தத்தைப் பற்றியது என்று பலரும் எண்ணுகின்றனர். அக்குறை, இந்தப் பிரிவைப் பற்றியது என்பதே என் துணிபு.

திருவள்ளுவர் அவையறிதல் என்றும் அவையஞ்சாமை என்றும் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். இரண்டும் பேசுவோனை நோக்கியவை. கேட்போனுக்கென்று கேள்வி என்னும் அதிகாரம் தனியே உண்டு. நன்னூலார், ஆசிரியன் பாடம் சொல்லும் முறையோடு நின்றுவிடாமல், மாணாக்கன் பாடம் கேட்கும் முறைக்கும் இலக்கணம் செய்தார். கேட்டலும் ஒரு தொழில், அதற்கும் ஒழுக்கம் உண்டு என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கருவி புதிது; அது கெடுக்கும் பண்போ பழையது.

கருவியின் வயதுதான் என்ன? 1973ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள், மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியியலாளர் நியூயோர்க் நகரத் தெருவொன்றில் நின்றபடி, கையிலே பிடித்த தொலைபேசியில் முதன்முதலாகப் பேசினார். இலங்கைக்கு இச்சேவை 1989இல் வந்தது. தெற்காசியாவில் நாமே முந்திக்கொண்டோம். அன்று அது செல்வர் கைப்பொருள். இன்று சந்தையில் மரக்கறி விற்கும் பெண்ணின் மடியிலும் அது இருக்கிறது, இருப்பது நன்றே. ஒரு தலைமுறைக்குள் ஒரு பொருள் எல்லார் கையையும் எட்டிவிட்டது. அதனைக் கையாளும் இங்கிதம் அத்தனை விரைவாக வந்து சேரவில்லை.

சட்டம் இயற்றினால் இங்கிதம் வந்துவிடும் என்று கருதுவோர் நியூயோர்க்கின் கதையைக் கேட்க வேண்டும். நாடக அரங்கு, திரையரங்கு, நூலகம், அருங்காட்சியகம் முதலிய இடங்களிலே கைத்தொலைபேசி ஒலித்தால் 50 டொலர் தண்டம் என்று அந்நகர சபை 2003இல் விதித்தது. நகர முதல்வர் அதற்கு ஒப்பவில்லை. அவர் மறுப்பையும் மீறிச் சட்டம் நிறைவேறிற்று. ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2012ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் இரவு, அதே நகரின் பேர்பெற்ற இசைக்குழு மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்தது. மாலர் தம் செவியாற் கேட்காமலே மறைந்த படைப்பு அது. அவர் 1911இல் இறந்தார், அது 1912இல்தான் அரங்கேறிற்று. அதன் இறுதிப் பகுதி மெல்ல மெல்லத் தேய்ந்து மௌனத்தோடு கலப்பது. அந்தத் தேய்விலே, முன்வரிசையிலிருந்து ஒரு கைத்தொலைபேசியின் மணி ஒலித்தது; ஓயாமல் ஒலித்தது. இசைநடத்துநர் அலன் கில்பேட் கோலைத் தாழ்த்தி இசையை நிறுத்தினார். அவையோர் சீறினர், குற்றவாளியை வெளியேற்றுமாறு கூவினர்.

பின்னர் வெளிவந்த செய்திதான் கவனிக்கத்தக்கது. அம்மனிதர் பல்லாண்டுகளாக அவ்விசைக்குழுவின் கச்சேரிகளுக்கு வந்த இரசிகர். அவர் தொழில் செய்த நிறுவனம் முதல் நாள்தான் அந்தப் புதிய கருவியைக் கொடுத்திருந்தது. ஒலியை அடக்கித்தான் வைத்திருந்தார். அடக்கி வைத்தாலும் எழுப்புமணி அடிக்கும் என்பதை அவர் அறியவில்லை. ஒலிப்பது தம்முடையது என்பதே அவருக்கு நெடுநேரம் விளங்கவில்லை. அன்றிரவு உறக்கமின்றித் தவித்தவர், பின்பு நடத்துநரோடு பேசி மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எழுந்த சீற்றம் நியாயமானதா? எனக்கு அவர்மேல் சினம் எழவில்லை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு.

என்னோடு இருபத்தேழு ஆண்டுகள் ஒரே பாடசாலையிலே கற்பித்த நண்பர் காலமானார். மரண வீட்டிலே கிரியைகள் நடந்தன. உரலிலே சுண்ணம் இடிக்கப்படுகிறது. பெரியவர் ஒருவர் திருப்பொற்சுண்ணம் பாடுகிறார். பெண்களின் விம்மல் அன்றி வேறோசை இல்லை. அவ்வேளை என் சட்டைப் பையிலிருந்து நாதசுரமும் கெட்டிமேளமும் முழங்கின. என் பேரன் விளையாட்டாக அமைத்து வைத்திருந்த அழைப்பொலி! நடுங்கும் விரலால் எதையோ அழுத்தினேன், மேளம் நிற்கவில்லை. மீண்டும் அழுத்தினேன், இன்னும் உரக்க முழங்கிற்று. பாடியவர் ஒரு கணம் நிறுத்திப் பின் தொடர்ந்தார். அழைத்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? புதிய சினிமாப் பாட்டொன்றை அழைப்பொலியாக வாங்கிக்கொள்ளுமாறு கூறும் விளம்பரக் குரல்!

அந்த நேரத்தில் என்னைக் காத்தவன் என் பழைய மாணவன் ஒருவன். அவன் முறைக்கவில்லை; "சூ" என்று அதட்டவில்லை. அருகே வந்து கையைப் பற்றி, "வாங்கோ சேர், வெளியிலை கொஞ்சம் காத்தாய் இருக்கும்" என்று படலையடிக்கு அழைத்துச் சென்று, கருவியை வாங்கி அணைத்துத் தந்தான். அந்தியேட்டி நாளிலே நண்பரின் மனைவியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதிலை என்ன மாஸ்டர்" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அது பெருந்தன்மை. ஆனால், கேட்கவில்லை என்று அவர் சொல்லவில்லை.

அந்த மாணவனிடம் கற்றதைச் சில மாதங்களின் பின்னர் ஓர் இலக்கியக் கூட்டத்திலே நினைத்துப் பார்த்தேன். என் அருகே இருந்த ஒரு தாயின் மடியில் கைத்தொலைபேசி ஒலியின்றி அதிர்ந்தது. அவர் சேலைத் தலைப்பால் அதனை மூடிக்கொண்டு, குனிந்தபடி விறாந்தையை நோக்கி விரைந்தார். மேடையிலிருந்த ஒருவர் ஒலிவாங்கியிலே, "தமிழை விடத் தொலைபேசி பெரிது போலும்" என்றார். சபை சிரித்தது. அம்மையார் திரும்பி வரவேயில்லை. பின்பு அறிந்தேன்: அவருடைய மகன் வளைகுடா நாடொன்றிலே வேலை செய்கிறான், அவனுக்குப் பேசக் கிடைப்பது வாரத்தில் ஒரு மாலைப்பொழுது.

இந்த மண்ணில் தொலைபேசி மணிக்கு ஒரு தனிப் பொருளுண்டு. போர்க்காலத்தில் வடபகுதி தொலைபேசியே இன்றிக் கிடந்த ஆண்டுகளை நாம் மறந்துவிடவில்லை. பிள்ளையின் குரலை ஒருமுறை கேட்பதற்காக வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பயணம் செய்து, தொலைத்தொடர்பு நிலைய வாசலிலே பெயர் கூப்பிடும் வரை காத்திருந்த பெற்றோர் பலர். அவர்களைப் பார்த்து, "மணி அடித்தால் எடுக்காதே" என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்தத் தாய் அவையை மதித்தவர். மதித்தபடியால்தான் வெளியே சென்றார். அவையை மதியாதவர் மேடையிலிருந்து அவரை நகையாடியவரே. எழுந்து சென்றவரையும் இருந்தபடியே மீன் விலை பேசியவரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? அலைகளைத் தடுக்கும் கருவிகளை அரங்குகளிலே பொருத்த வேண்டும் என்போர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரங்கிலே ஒரு வைத்தியரும் இருக்கக்கூடும். அவரைத் தேடி ஓர் உயிர் துடித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

இளைஞரை மட்டும் நோவதும் நேர்மையன்று. பேருந்திலே ஒரு பையன் தன் கருவியில் பாட்டை உரக்க வைத்தால் முகம் சுளிக்கிறோம். கோயில் திருவிழாக் காலத்தில் தென்னை மரத்திலே ஒலிபெருக்கியைக் கட்டி, விடியுமுன் நான்கு மணிக்கே ஊர் முழுவதையும் எழுப்பியவர் யார்? நோயாளியையும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையும் ஒரு சொல் கேட்டோமா? "ஒரு கரைச்சலும் இல்லை" என்ற சொல்லை அந்தப் பையன் நம்மிடமிருந்துதான் கற்றான். பரிசளிப்பு விழாவிலே சிறு பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்க, முன்வரிசைப் பிரதம விருந்தினர் குனிந்து தம் கருவியைத் தடவிக்கொண்டிருப்பார். வகுப்பறையில் கைத்தொலைபேசி கூடாது என்று அறிவித்த ஆசிரியர், அதே வகுப்பறையிலே அழைப்பை ஏற்றுப் பேசுவார். பிள்ளைகளின் கண்கள் இவை யாவற்றையும் குறித்துக்கொள்கின்றன.

யப்பானியர் புகைவண்டியிலே கைத்தொலைபேசியிற் பேசுவதைத் தவிர்க்கின்றனர். கருவியின் ஒலியை அடக்கி வைப்பதற்கு அங்கு வழங்கும் பெயர் "மனர் மோட்". நாம் "நன்னடத்தை நிலை" எனலாம். நாமோ அதனை "சைலன்ற்" என்கிறோம். நமது பெயர் கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது; அவர்களது பெயர் மனிதன் என்ன செய்கிறான் என்பதைச் சொல்கிறது. அங்கு இவ்வொழுக்கத்தைக் காப்பது தண்டப் பணமன்று. புகைவண்டியில் ஓயாது சொல்லப்படும் வேண்டுகோளும், அயலிருப்பவரின் எண்ணத்தை மதிக்கும் பழக்கமுமே.

நமக்கும் பெரிய சட்டங்கள் வேண்டியதில்லை. கூட்டம் தொடங்குமுன் தலைவர் தம் கருவியைச் சபையறிய எடுத்து அடக்கி வைக்கட்டும். அது பத்து அறிவித்தல்களுக்குச் சமம். முக்கிய அழைப்பை எதிர்பார்ப்பவர் வாயிலருகே ஓரத்து ஆசனத்தில் அமரட்டும். அழைப்பு வந்தால் வெளியே சென்று பேசட்டும். அவரைப் பார்த்து எவரும் நகைக்க வேண்டாம். அழைப்பவருக்கும் கடமை உண்டு. "இப்போது பேசலாமா?" என்ற ஒரு கேள்வி போதும். அயலார் தவறினால், என் மாணவன் செய்ததுபோல அருகே சென்று மெல்லச் சொல்வோம். அதட்டினால் அவர் வெட்கப்படுவார், அல்லது சண்டைக்கு வருவார். இரண்டிலும் அவை மீண்டும் ஒருமுறை குலையும்.

அன்று திரையரங்கிலே விளைமீன் வாங்கச் சொன்ன அன்பரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வரிசைதான் இடைவெளி. எழுந்து சென்று தோளைத் தொட்டிருக்கலாம். எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து, வீட்டிலிருந்து கட்டுரை எழுதுகிறேன். அதுவும் ஒரு பிழைதான். அடுத்த முறை எழுந்து செல்வேன். அதற்கு முன், என் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.